ஏறிக்கொண்டே போன சீட்

என் மனைவிக்குக் கால் குட்டையாகிவிட்டது என்று நான் மனதார நம்பிய ஒரு சாயங்காலம் உண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். நான் தையல்காரன். ஆட்களை அளந்து பார்த்துப் பிழைக்கிறவன். இடுப்பு பெருக்கும், தோள் சரியும், முதுகு வளையும், எல்லாம் என் டேப்புக்குத் தெரியும். ஆனால் ஒருத்தியின் கால் காலையில் ஒரு நீளமும் சாயங்காலம் ஒரு நீளமுமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவள் வாசலில் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் தோள் இடித்து நின்றாள்.

“என்னங்க, கால் எட்டலைங்க.”

“எதுக்கு எட்டல?”

“பெடலுக்கு. வர்ற வழியெல்லாம் நுனி விரல்லயே மிதிச்சிட்டு வந்தேன். காலைல நல்லாத்தானே போனேன்?”

நான் மெஷினை விட்டு எழுந்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அங்கேயே வாசற்படியில் அவளை நிற்கவைத்து இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்தேன். அவள் அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு நூல்கூட மாறவில்லை. ஒருவேளை டேப் நீண்டுவிட்டதோ என்று புது டேப்பை எடுத்தும் அளந்தேன். எதிர்வீட்டு அம்மாள் துணி உலர்த்துகிற சாக்கில் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தாள். சைக்கிளை விட்டுவிட்டுப் பெண்டாட்டியை அளக்கிற முட்டாளை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.

சீட் ஏறியிருக்கிறது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. மூன்று விரல் உயரம் ஏறியிருந்தது.

இதைக் கேட்டால் எங்கள் இருவருக்கும் சைக்கிளைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று உங்களுக்கே விளங்கும். எனக்கு ஓட்டவே தெரியாது. எனக்குத் தெரிந்த சக்கரம் தையல் மெஷினில் இருப்பது ஒன்றுதான். அவளும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் கற்றுக்கொண்டாள். அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். வார்டுகளிலிருந்து வருகிற விரிப்புகளும் தலையணை உறைகளும் துவைத்துக் காய்ந்து வந்ததும், சூடான உருளைகளுக்குள் ஒருத்தி விரிப்பை விடுவாள், மறுபக்கம் இன்னொருத்தி பிடித்து மடிப்பாள். விடுகிறவள் இவள். வருஷக்கணக்காகப் பஸ்ஸில் நசுங்கித்தான் போய்வந்தாள். நடுவில் என்ன ஞானோதயமோ, நிர்வாகம் சலவைக்கூடத்து ஆட்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்தது. எல்லாம் ஒரே பச்சை, ஒரே மணி, ஒரே பூட்டு. அதை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவள், “கத்துக்குடுங்க” என்றாள்.

“எனக்கே தெரியாதே.”

“தெரியாட்டி என்ன? பின்னாடி புடிச்சிக்கிட்டு ஓடி வாங்க. அது போதும்.”

பிடித்துக்கொண்டு ஓடினேன். இரண்டு மாதம் என் முழங்கால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருநாள் நான் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன், அவள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள். திரும்பத் தெரியாததால் தெருமுனைவரை போய் ஒரு மண்குவியலில் மோதி நிறுத்தினாள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் அந்தச் சைக்கிள்தான் அவளுக்கு எல்லாம். சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அன்றைய ரோட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். மேம்பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்குமாம். உச்சிக்குப் போய்விட்டால் மறுபக்கம் மிதிக்கவே வேண்டாம், பறக்கலாமாம். பாலத்தடியில் ஒரு நாய் அவளை மட்டும் பார்த்துத் துரத்துமாம். தண்ணீர் லாரிக்காரன் வேண்டுமென்றே குட்டையில் சக்கரத்தை விட்டுச் சேலையெல்லாம் சேறாக்குவானாம். ரயில்வே கேட்டில் நிற்கும்போது பள்ளிக்கூடப் பெண்கள் “ஆன்ட்டி ரேஸ் வர்றீங்களா?” என்று கேட்பார்களாம். “போனியா?” என்று நான் கேட்டால், “ஜெயிச்சேன்ல” என்பாள். பஸ்ஸில் போய்வந்த காலத்தில் அவளிடம் சொல்ல ஒரு கதையும் இருந்ததில்லை. தலைவலி ஒன்றுதான் கொண்டுவருவாள்.

சரி, சீட்டுக்கு வருகிறேன். பஞ்சர்க் கடையில் ஸ்பேனர் வாங்கிவந்து சீட்டை இறக்கி முடுக்கினேன். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மறுபடியும் நுனிவிரலில் வந்து நின்றாள்.

“நீங்க சரியா முடுக்கல.”

“முடுக்கலைன்னா சீட் கீழதான் எறங்கும். மேல எப்படிடீ ஏறும்?”

அவள் ஸ்பேனரை எடுத்து என் கையில் திணித்தாள். மறுபடியும் இறக்கினேன். அந்த வாரக் கடைசியில் மறுபடியும் ஏறியிருந்தது.

“வெளையாட்டுக்கு நீங்கதான் ஏத்திவிடறீங்களா?”

“எனக்கு வேற வேலை இல்ல பாரு! பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் மலை மாதிரிக் குவிஞ்சு கெடக்கு, நான் ஒன் சீட்டை ஏத்தி எறக்கி வெளையாடறேன்!”

“அங்க யாரும் தொட மாட்டாங்க. சாவி பலகையில இருக்கு, பூட்டு பூட்டினபடி இருக்கு.”

இந்தப் பலகை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சலவைக்கூடத்துக்குள் நுழையும்போது யார் மடியிலும் பையிலும் ஒன்றும் இருக்கக் கூடாது. முன்பு எப்போதோ ஒரு சாவி விரிப்போடு சேர்ந்து மெஷினுக்குள் விழுந்து, ஒரு பாரம் துணியைக் கிழித்துத் தள்ளிவிட்டதாம். அதிலிருந்து வாசலில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். அவரவர் சாவியை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எல்லாச் சாவியும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் அடையாளத்துக்கு ஆளுக்கொன்று கட்டிவைத்திருப்பார்கள். இவள் சாவியில் என் கடைத் துண்டுத்துணி, மஞ்சள். மஞ்சள் துணி கட்டிய சாவி பூட்டைத் திறந்தால் அது அவள் சைக்கிள். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

சைக்கிளுக்கு ஒரு சீட் கவர் தைத்துக்கொடு என்று வந்த நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை மட்டும் அப்போதே தைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்புறம் பஞ்சர் வந்தது. பின்சக்கரத்தில் ஆணி ஏறி, பஞ்சர்க் கடைக்காரரிடம் ஒட்டிக்கொண்டு வந்தாள். சில நாள் கழித்து மறுபடியும் பின்சக்கரம் காற்றிறங்கியது. அதே கடை. அவர் டியூபை உருவித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாராம்.

“ஏம்மா, இதுல பழைய ஒட்டு ஒண்ணும் இல்லையே.”

“அன்னைக்கு நீங்கதானே ஒட்டினீங்க?”

“நான் ஒட்டினா ஒட்டு இருக்கணுமில்ல? வேற யார் சைக்கிளாச்சும் இருக்கும். இல்ல, வேற கடையா இருக்கும். நல்லா யோசிச்சுப் பாருங்க.”

நல்லா யோசித்துப் பார்க்கச் சொன்னதுதான் அவளுக்கு விழுந்த முதல் அடி. வீட்டுக்கு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவள், ரோட்டுக் கதை எதுவும் சொல்லவில்லை.

“அன்னைக்கு நான் பஞ்சர் ஒட்டினேனா இல்லையா?”

“ஒட்டினேன்னு சொன்னியே.”

“சொன்னேன். ஒட்டினேனா?”

அவள் எதை நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஒரு அக்கா. எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி, ஒரு கல்யாண வீட்டில் பார்த்த முகத்தைப் பத்து வருஷம் கழித்தும் பெயரோடு சொல்வாள். அவளுக்கு மறதி வந்தது. முதலில் சின்னச் சின்னதாகத்தான் வந்தது. செய்ததைச் செய்யவில்லை என்பாள், செய்யாததைச் செய்துவிட்டேன் என்று சாதிப்பாள். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைத் தன்னுடையது என்று தூக்கிவந்துவிடுவாள். கடைசியில் ஒருநாள் தன் புருஷனைப் பார்த்து, “நீங்க யாரைப் பாக்கணும்?” என்று மரியாதையாகக் கேட்டாள். அவளைக் கடைசிவரை குளிப்பாட்டித் தலைவாரி வைத்திருந்தது என் மனைவிதான். அந்த மறதி குடும்பத்தோடு வரும் என்று யாரோ அவள் காதில் போட்டிருந்தார்கள்.

“அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்திடுச்சுன்னு வைங்க,” என்றாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே. “மொதல்ல இந்தச் சைக்கிளை யாருக்காவது குடுத்திடுங்க. நான் கத்தினாலும் கேக்காதீங்க. எங்கயாவது ஏறிப் போயிட்டு வழி தெரியாம நிப்பேன்.”

“வாயை மூடு. ஒரு டியூபுக்குப் போய் இவ்வளவு பேச்சா?” என்று கத்தினேன். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் வரும்.

அந்தச் சமயத்தில்தான் துண்டு வந்து சேர்ந்தது. ஒரு சாயங்காலம் சைக்கிள் கேரியரில் ஒரு துண்டு மடித்து இருந்தது. ஆம்பிளைத் துண்டு, நீலக்கோடு போட்டது. எங்கள் வீட்டுத் துணி எதுவும் என் கைக்குத் தெரியாமல் இருக்காது. அது எங்களுடையது இல்லை.

“யாருதுடீ இது?”

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“தெரியலைங்க. நான்... எங்கயிருந்தோ எடுத்திட்டு வந்திட்டேன் போல.”

இப்போது நான் சொல்லும்போது உங்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது, இல்லையா? சீட் ஏறுகிறது, ஒட்டு காணாமல் போகிறது, வேறு யாருடைய துண்டோ வருகிறது. எங்களுக்குத் தெரியவில்லை. மஞ்சள் துணிச் சாவி திறக்கிறதே, அப்புறம் எப்படி அது வேறு சைக்கிளாக இருக்கும்? சைக்கிள் சரியாக இருக்கிறது, ஆகவே அவள்தான் சரியில்லை. அப்படித்தான் எங்கள் புத்தி ஓடியது.

கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிற மகளுக்குப் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. “அப்பா, இனிமே அம்மா சைக்கிளைத் தொடக் கூடாது. நான் பெரிய டாக்டர்கிட்ட நேரம் வாங்கறேன். அதுவரைக்கும் பஸ்ல அனுப்புங்க,” என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் ஒரு நாளைக்கு நேரமும் வாங்கிவிட்டாள். என் மனைவி போனை வாங்கி, “டாக்டர் சொல்ற வரைக்கும் போய்க்கிறேன்டி, அதுக்கப்புறம் விட்டுடறேன்,” என்று கெஞ்சினாள். மகளிடம் அவள் கெஞ்சி அன்றுதான் பார்த்தேன். நான் கேட்காத மாதிரி மெஷினை வேகமாக மிதித்தேன்.

அவள் சொல்வதில் எது நிஜம், எது இல்லை என்று எனக்கே ஒரு அத்தாட்சி வேண்டும் போலிருந்தது. மறுநாள் காலையில் அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது, அவளுக்குத் தெரியாமல் சீட்டுக்கு அடியில் என் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். துணியில் போடுகிற சாக்பீஸ்தான், கசக்கினாலொழியச் சுலபத்தில் போகாது. சாயங்காலம் அவள் வந்ததும் குனிந்து பார்த்தேன். கோட்டைக் காணோம். சரி, எங்கேயோ உரசி அழிந்துவிட்டது. அடுத்த நாள் பார்த்தேன். அன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் ஏதோ நினைப்பில் குனிந்தேன். கோடு இருந்தது! அதே கோடு, என் கை இழுக்கிற அதே வளைவோடு.

போன கோடு திரும்பி வருமா? எனக்குத் தலை சுற்றியது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான்தான் நடுவில் இன்னொரு தடவை போட்டேனா? போட்டுவிட்டு மறந்துவிட்டேனா? அவளுக்குத்தான் என்று நினைத்தால் எனக்கா? வீட்டில் ஒருவருக்கு வந்தாலே தாங்காது, இரண்டு பேருக்கும் வந்தால் யார் யாரைத் தேடுவது?

“ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. தலைசுத்தல்.”

இதை இப்படியே விடக் கூடாது என்று மறுநாள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரோ வேண்டுமென்றே என் பெண்டாட்டியைப் பைத்தியமாக்குகிறார்கள், கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பது என் திட்டம். சலவைக்கூடத்துப் பின்வாசலில் தகரக் கூரை போட்ட சைக்கிள் நிறுத்தம். உள்ளே போனதும் எனக்குக் கண்ணைக் கட்டியது. ஒரு வரிசை முழுக்கப் பச்சை. எது என் வீட்டுச் சைக்கிள் என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனதில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கடைசியில் நின்ற சைக்கிளில் என் கோடு இருந்தது. பக்கத்தில் இன்னொரு பச்சை. நான் ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

பெண்கள் வேலை முடிய இன்னும் நேரம் இருந்தது. அதற்கு முன்னால் உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். நெட்டையாக, கொஞ்சம் வயசானவர், கையில் சாவி. நேராகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். என் கோடு போட்ட சைக்கிளில் சாவியைப் போட்டார். திறந்தது! “டேய்!” என்று நான் பாய வேண்டிய இடம் அது. ஆனால் அவர் மறுபடியும் பூட்டினார். பக்கத்துச் சைக்கிளில் சாவியைப் போட்டார். அதுவும் திறந்தது. இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார், நெற்றியைச் சொறிந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“தம்பி, இதுல எது என்னுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்?”

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சீட், ஒட்டு, துண்டு, கோடு, எல்லாம். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஒரு சைக்கிளின் சீட் உயரமாக இருந்தது. “அண்ணே, ஒசரமா இருக்குல்ல, அதுதான் உங்களுது,” என்றேன்.

“ஆமா! ஒசரம்! கெட்டிக்காரரு தம்பி நீங்க,” என்று என் தோளைத் தட்டிவிட்டு ஏறிப் போனார்.

அவள் வெளியே வந்ததும் வழியெல்லாம் கூடவே நடந்து சொன்னேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் அங்கே விரிப்பு மூட்டைகளை வார்டுகளுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவராம், வண்டி அண்ணன் என்பார்களாம். இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டியோரம்தான் சைக்கிளை விடுவார்களாம். காலையில் இவளுக்கு முன்னால் வருவாராம், சாயங்காலம் இவளுக்கு முன்னால் போவாராம். அவர் எதை எடுத்துக்கொண்டு போகிறாரோ, மிச்சம் நிற்பது இவளுக்கு. எந்தச் சாவியும் எந்தப் பூட்டையும் திறக்கும். அவர் ஏற்றுவார், நான் இறக்குவேன்.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்றாள். நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

“ஒனக்கு என்னடீ, மண்டை கல்லு மாதிரி இருக்கு!”

அவள் அழுதாள், சிரித்தாள், முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “ஐயோ, அந்தத் துண்டை நான் தொவைச்சு ஒளிச்சு வேற வெச்சிருக்கேன்,” என்று மறுபடியும் சிரித்தாள். மேம்பாலம் வந்ததும் என்னை நடக்கவிட்டு ஏறிப் போய்விட்டாள். மறுபக்கச் சரிவில் அவள் மணி அடித்துக்கொண்டே இறங்குவது எனக்குக் கேட்டது. மகளுக்குப் போன் போட்டு நான் பேசிய பேச்சைத் தெருவே கேட்டிருக்கும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு சீட் கவர் வெட்டித் தைத்தேன். இவளுக்குச் சிவப்பு, அவருக்கு நீலம். பிரச்சினை தீர்ந்தது. மறுநாள் அவர் புறப்படுகிற நேரத்துக்கு நானே கொண்டுபோனேன். துவைத்த துண்டையும் எடுத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். சாவியைப் போட்டார், பூட்டினார், பக்கத்துச் சைக்கிளில் போட்டார். நெற்றியைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, இதுல எது என்னுதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்?”

அதே வார்த்தைகள். அதே குரல். முகத்தில் என்னை முன்னால் பார்த்த அடையாளமே இல்லை.

“நேத்து நாம பேசினோமேண்ணே,” என்றேன்.

“அப்படியா?” என்றார் பணிவாக. “எல்லாம் ஒரே மாதிரி குடுத்திட்டாங்க பாருங்க. கொழப்பமா இருக்கு.”

நான் உயரச் சீட்டில் நீலக் கவரை மாட்டி, மற்றதில் சிவப்பை மாட்டினேன். “நீலம் உங்களுதுண்ணே. சிவப்பு எங்க வீட்டுது. இனிமே கொழப்பமே இல்ல.” அவர் நீலத்தைத் தடவிப் பார்த்து, “நல்ல தையல்,” என்றார். துண்டைக் கேரியரில் வைத்தேன். அப்போதுதான் டிபன் டப்பாவை உள்ளேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து திரும்பப் போனார். எடுத்துக்கொண்டு வந்தார். சைக்கிள்களுக்கு முன்னால் நின்றார். நீலத்தைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார். சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி,” என்றார், “இதுல எது என்னுது?”

கையால் நீலத்தைக் காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வெளியே வந்தபோது நான் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். நேற்று அவ்வளவு சிரித்தவள், சிவப்புக் கவரின் விளிம்பை நீவிக்கொண்டே இருந்தாள்.

“கொஞ்ச நாளா ஒரு வார்டுக்குப் போக வேண்டிய மூட்டையை இன்னொரு வார்டுல விட்டுட்டு வர்றாரு,” என்றாள். “அசதின்னு நெனச்சோம். நாங்களே யாராவது ஓடிப்போய் மாத்திடுவோம். அவரு மகன் வேற ஒரு மாதிரி. டீ நேரத்துல அண்ணன் சொல்லிட்டிருந்தாரு, ‘வீட்டுக்குப் போனா சீட் எறங்கியிருக்கும்மா, நான் ஏத்தறேன், மறுபடி எறங்குது’ன்னு. மகன்கிட்ட சொன்னாராம். ‘ஒனக்கு மூளை கலங்கிடுச்சுப்பா, இன்னொரு தடவை சீட்டு கீட்டுன்னு சொன்னே, சைக்கிளைப் புடுங்கி வெச்சிட்டு வீட்டோட உக்காரவெச்சிடுவேன்’னானாம். நாங்க எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். எனக்கு ஏறுது, அவருக்கு எறங்குது, அது தோணவே இல்ல பாருங்க.”

எனக்குச் சுரீரென்றது. அந்தச் சீட்டை இறக்கியது யார்? என் ஸ்பேனர்தானே. இங்கே எங்கள் வீட்டில் என்ன நடந்ததோ அதேதான் அங்கேயும் நடந்திருக்கிறது. நான் இறக்கிய ஒவ்வொரு முறையும் அந்த மனுஷன் தன் வீட்டில் பைத்தியக்காரனாகியிருக்கிறார். எங்களுக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது. அவருக்கு என்ன கிடைக்கும்?

“மகன்கிட்ட நான் போய்ச் சொல்லட்டுமா? சீட் எறங்கினது நிஜம்தான்னு?”

“சொல்லுங்க. அதைச் சொல்லியே ஆகணும்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா அண்ணனுக்கு இருக்கிறதும் நிஜம்தானேங்க. அக்காகிட்ட நான் பாத்திருக்கேன். ‘இது ஒன்னுது இல்ல, அதுதான் ஒன்னுது’ன்னு நாம சொல்லச் சொல்ல அவ முகம் சுருங்கிப் போகும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுருங்கும் தெரியுமா? ரெண்டு கலர் வேணாங்க. கழட்டிடுங்க.”

“கழட்டிட்டு?”

“ரெண்டையும் ஒரே துணியில தைங்க. சீட்டை நடுவுல வைங்க, ரெண்டையும் ஒரே ஒசரத்துல. அவரு எதை எடுத்தாலும் அது அவருதா இருக்கட்டும்.”

“அப்ப ஒனக்கு?”

“எனக்கு மிச்சம் நிக்கிறது.”

அப்படியே தைத்தேன். பச்சையில், சைக்கிளோடு சேர்ந்து போகிற மாதிரி. சீட்டை டேப் வைத்து அளந்து, அவருக்குக் கொஞ்சம் தாழ்வாக, இவளுக்குக் கொஞ்சம் எட்டாததாக, இரண்டையும் ஒரே உயரத்தில் முடுக்கினேன். மகன் வீட்டுக்குப் போய், “தப்பு என் ஸ்பேனர் மேலதான், உங்கப்பா சொன்னது அத்தனையும் உண்மை,” என்று சொன்னேன். அவன் உள்ளே போய், திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். தண்ணீர் கேட்டது நான்.

மகள் வாங்கிவைத்த டாக்டர் நேரத்தை ரத்து செய்ய இவள் விடவில்லை. “அண்ணே, எனக்குப் பெரிய டாக்டர்கிட்டத் தனியாப் போக பயமா இருக்கு. துணைக்கு வாங்க. உங்க மகனையும் கூட்டிட்டு வாங்க,” என்று அவரைக் கேட்டாள். அவர் சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டு, தலைவாரிக்கொண்டு, பயந்த தங்கைக்குத் துணையாக வந்தார். இரண்டு பேரையும் பார்த்தார் டாக்டர். இவளுக்கு ஒன்றும் இல்லை என்றார். அவருக்கு மாத்திரை எழுதினார். ரோட்டில் யாராவது கூடவே போக வேண்டும் என்று மகனிடம் தனியாகச் சொன்னார். அது முதல் இவள் காலையில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டு வழியாகப் போகிறாள். சாயங்காலம் அவர் தொட்டியோரம் உட்கார்ந்து இவள் வரும்வரை காத்திருக்கிறார். பாலத்தில் இரண்டு பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறி, மறுபக்கம் சேர்ந்து இறங்குகிறார்களாம். நாய் இப்போது அவரைத்தான் துரத்துகிறதாம்.

நேற்று சாயங்காலம் வாசலில் வந்து இறங்கினாள். கால் கொஞ்சம் எட்டாமல் ஒரு துள்ளல் துள்ளித்தான் இறங்குகிறாள், பழகிவிட்டது. செருப்பைக் கழற்றாமல் ரோட்டுக் கதையை ஆரம்பித்தாள். நான் நூல் கோத்துக்கொண்டே கேட்டேன்.

“இன்னைக்கு எந்தச் சைக்கிள்ல வந்த? ஒன்னுதா, அவருதா?”

அவள் திரும்பிச் சைக்கிளைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள்.

“தெரியலைங்க,” என்று சிரித்தாள்.

அவள் வாயிலிருந்து அந்தத் ‘தெரியல’யைக் கேட்டு எனக்குப் பயம் வராதது நேற்றுதான் முதல் தடவை.